பன்னிரண்டு இஞ்சு

மொட்டப்பாறையின் உச்சியில் ஏறி நின்றால்தான் இந்துவின் போனுக்கு உயிர் வரும். அங்கே நின்றுதான் அவள் உலகத்தில் உள்ள மரம் அறுக்கிற மிசின் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்தாள். பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில் ஒரு தாடிக்காரன், முதுகுப்பைக்குள்ளிருந்து பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல ஒரு குட்டி மிசினைத் தூக்குகிறான். கயிறை ஓர் இழுப்பு. வழியில் குறுக்கே கிடக்கிற மரம் வாழைத்தண்டாகத் துண்டு விழுகிறது. அதே மரத்தில் விறகு. அதே விறகில் கூடாரத்துக்கு முன்னால் தீ. அதே தீயில் காப்பி. இந்து வாயைத் திறந்தபடி அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். தூறல் போன் கண்ணாடியில் விழுந்து படத்தை உருக்கினாலும் முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

கீழே எஸ்டேட் லயத்து வாசலில் காய்ந்த ஏலச்செடித் தட்டையைக் கட்டிக்கொண்டிருந்த மாமியார் முத்துப்பேச்சி அண்ணாந்து சத்தம் போட்டாள்.

"ஏட்டி! பாறை மேல என்ன தவமா பண்ணுத? கட்டன்சாயா ஆறிப் பச்சத்தண்ணியாப் போச்சு."

"மிசினு பாக்கேன் அத்தே. எடை மொத்தமே நம்ம சேவல விடக் கொஞ்சம்தான் கூட."

"அப்ப அதுவும் கூவுமோ?"

"கூவும். கூவுச்சுன்னா மூணு மலைக்குக் கேக்கும்."

"நீ பேசுறதே மூணு மலைக்குக் கேக்கத்தான் செய்யுது. எறங்கு, அட்ட ஏறிருச்சு பாரு கால்ல."

இந்து குனிந்து கணுக்காலில் இருந்த அட்டையை உப்புத்துணியால் ஒற்றி உதறினாள். உடும்பஞ்சோலைக்கு மேலே, ஏலக்காடு முடிந்து புல்மேடு தொடங்கும் இடத்தில் அவளும் அவள் புருசன் முனீஸ்வரனும் நாலு கூடாரம் போட்டு நடத்துகிறார்கள். மலை மேல் மேகமாக மஞ்சு இறங்குவதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். லயத்திலிருந்து மேலே போக ஜீப் மட்டும் ஏறுகிற ஒரு தடம். எஸ்டேட் மேனேஜர் இடம் விட்டபோதே கறாராகச் சொல்லிவிட்டார்: தடத்தைத் திறந்து வைப்பது உங்கள் பாடு. நிற்கிற மரத்தில் கை வைக்கக் கூடாது. விழுந்ததை ஒதுக்கலாம். ஒதுக்கினால் அடிமரத்துத் தடி எஸ்டேட்டுக்கு, கொப்பு ஒதுக்கினவருக்கு. மலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான் அது.

போன வருசம் இடவப்பாதிப் பருவமழையில் தடத்தில் மரம் விழுந்தது. தடி வெட்டுகிற கூட்டம் வேறு மலையில் வேலையாக இருந்தது. கூடாரத்தில் தங்க வந்தவர்கள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அட்டைக்கடியோடு நடந்தே இறங்கினார்கள். அதற்குப் பிறகு கூடாரத்துக்குள் தவளைதான் தங்கியது.

அதற்கும் முந்தின வருசம் ஜீப் கவிழ்ந்து முனீஸ்வரனின் வலது தோள் போயிருந்தது. ஸ்டீயரிங் பிடிக்கும்; ஓங்காது, வெடுக்கென்று இழுக்காது. கியர் இடது கையில் இருப்பதால் வண்டி ஓட்டுகிறான். வீட்டில் யாரும் அந்தத் தோளைப் பற்றிப் பேசுவதில்லை. திருப்பூரில் இருக்கும் இந்துவின் அண்ணன் பிச்சைமணி ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்திருந்தான். மழை பிடிப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

"மிசினு வாங்குவோம்," என்று முனீஸ்வரன் அன்று சாயா குடிக்கும்போது சொன்னான். "வழிய நம்மளே தெறக்க முடிஞ்சா இங்கன இருப்போம். முடியலையா, கூடாரத்தச் சுருட்டி மேனேஜர் கையில குடுத்துட்டுத் திருப்பூரு. அம்புட்டுத்தான்."

"அங்க போயி?" என்றாள் முத்துப்பேச்சி.

"கேட்டத் தெறந்து மூடணும். அதுக்கு ஒத்தக் கை போதும்."

கப்பைக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் தட்டில் அப்படியே கிடந்தன.

*

நெடுங்கண்டத்துக் கடையில் மிசின்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. இந்துவுக்குத் தேர்த்திருவிழாக் கடைக்குள் நுழைந்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. போனில் விரலளவு பார்த்தவை எல்லாம் ஆளுயரத்துக்கு எண்ணெய் மணத்தோடு தொங்கினால் எப்படி இருக்கும்? ஆரஞ்சு, சிவப்பு, பச்சை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நீண்ட இரும்புப் பட்டை, அதன் ஓரத்தில் சங்கிலி. சங்கிலி முழுக்கப் பல். ஒரு பல்லை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். கோழிக்குஞ்சின் அலகு போல இருந்தது. இத்தனூண்டு அலகா மலைமரத்தைக் கொத்திக் கொட்டுகிறது!

கடையைக் கவனித்த பெண்ணின் பெயர் நிமி. மலையாளத்தோடு கலந்த தமிழில் கேட்டாள்.

"சேச்சி, எந்த ஆவசியத்துக்கு? வீட்டுக்கோ, தோட்டத்துக்கோ?"

"கேம்ப்புக்கு. வெறகு அறுக்கணும். வழியில மரம் விழுந்தா ஒதுக்கணும். ஜீப்பு சீட்டுக்கு அடியில கெடக்கணும்."

"அப்போ பேட்டரி எடுக்கலாமே. சத்தம் தீரே இல்ல. கெஸ்ட் உறங்கிட்டே இருப்பாங்க." நிமி கைக்கு அடக்கமான ஒன்றை எடுத்து அமுக்கினாள். ர்ர்ர் என்று தையல் மிசின் போலப் பாடியது.

இந்துவின் கண் விரிந்தது. வாங்கிப் புரட்டினாள். பிறகு முகம் விழுந்தது. "எங்களுக்குக் கரண்டு சோலார்ல. மரம் விழுறது மழைக்காலத்துல. அப்ப எங்க வெயிலு? இது சார்ஜ் இல்லாமப் படுத்துக்கிட்டு என்னையப் பாக்கும்."

நிமி சிரித்துவிட்டாள். "சேச்சி படிச்சிட்டு வந்திருக்கு."

"பெட்ரோல் மிசினு காட்டுங்க. ஏலத்துக்கு மருந்தடிக்கிற பம்புக்கு ஆயில் கலந்த பெட்ரோலு லயத்துல எப்பவும் இருக்கும். அதே கலவை ஓடுற மாதிரி. பட்டை பத்து இல்ல பன்னெண்டு இஞ்சு. பின்னால ஒதைச்சா சங்கிலி நிக்கிற பிரேக்கு கட்டாயம் வேணும்."

முனீஸ்வரனின் பார்வை சுவரின் உச்சியில் இருந்தது. அங்கே பதினெட்டு இஞ்சுப் பட்டையோடு ஒன்று முதலை மாதிரி படுத்திருந்தது.

"அத எறக்குங்க."

"மச்சான், அது தடி வெட்டுறவங்க மிசினு."

"நம்ம வழியில விழுறது என்ன முருங்கை மரமா? எறக்குங்க."

நிமி இறக்கிக் கடை வாசலில் வைத்தாள். முனீஸ்வரன் பின்கைப்பிடியில் காலை ஊன்றி வலது கையால் கயிறை இழுத்தான். பாதி தூரம் வந்த கயிறு அவன் கையை உருவிக்கொண்டு உள்ளே ஓடியது. மறுபடி இழுத்தான். முகம் வெளுத்தது. இடது கைக்கு மாறினான். மிசின் எதிர்த்து ஓர் உதை உதைத்தது. தாங்கிப் பிடித்திருந்த வலது தோள் மடங்கி அவன் முட்டிபோட்டுவிட்டான். எதிர்க்கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைப் பிடித்தபடி பார்த்தார்.

"புது மிசின்தானே சேட்டா," என்றாள் நிமி மெதுவாக. "ஆதியம் கொஞ்சம் டைட்டா இருக்கும். எல்லார்க்கும் அப்படித்தான்."

அந்தப் பொய்தான் அவனை அதிகமாகக் குத்தியிருக்க வேண்டும். முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டான்.

இந்து சிவப்பு நிறத்தில் இருந்த பன்னிரண்டு இஞ்சை எடுத்தாள். தரையில் வைத்தாள், மிதித்தாள், இழுத்தாள். இருமியது. இழுத்தாள். இருமியது. மூன்றாவது இழுப்பில் அது பிடித்துக்கொண்டு அலறியபோது அவள் முழங்கை வழியாக ஒரு நடுக்கம் ஏறிப் பல்வரைக்கும் வந்தது. பயமா சந்தோசமா என்று அவளுக்கே தெரியவில்லை. இம்புட்டுக்காணு இரும்புக்குள் இத்தனை ஆங்காரமா என்று அதையே பார்த்தபடி நின்றாள்.

திரும்புகிற வழியில், பாதி மலை ஏறிய பிறகு முனீஸ்வரன் சொன்னான்.

"அது வெறகுக்குத்தான் ஆகும்."

"ரெண்டு பக்கமும் வச்சு அறுத்தா பட்டையைப்போல ரெண்டு மடங்குத் தடிய அறுக்கும் மச்சான்."

"போன்ல சொன்னானா?"

"ஆமா."

"மழையில நின்னு சொன்னானா?"

இந்து மடியில் இருந்த மிசினை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*

அந்த வாரம் முழுக்க லயத்துக்குப் பின்னால் மிசின் கூவியது. காய்ந்து கிடந்த சில்வர் ஓக் கொப்புகளை இந்து துண்டு போட்டாள். முதல் நாள் முத்துப்பேச்சி காதைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். இரண்டாம் நாள் வாசலுக்கு வந்தாள். அடுத்த நாள் அறுத்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணாடி போலிருந்த வெட்டுவாயைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஏட்டி, நான் வெட்டுக்கத்தியால கொத்துனா கரடி கடிச்ச மாதிரி இருக்கும். இது என்ன, அச்சு வெல்லம் மாதிரி இருக்கு!"

"சொன்னேன்லா."

"சேவலு கூவுனாலும் கூவுச்சு, முட்டைக்குப் பதிலா வெறகுல்லா போடுது." விறகைச் சுவரோரம் அடுக்கத் தொடங்கியவள், அடுக்கியதைத் தள்ளி நின்று ஒரு பார்வை பார்த்தாள். ஆள் உயரத்துக்கு இருந்தது. மழைக்கு முன்னால் அந்த லயத்தில் யார் வீட்டிலும் அவ்வளவு விறகு இருந்ததில்லை.

முனீஸ்வரன் மிசினைத் தொடவில்லை. அது கூவுகிற நேரத்தில் ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையாவது முறுக்கிக்கொண்டிருந்தான்.

மழை பிடிக்கும் முன்னால் கடைசியாக ஒரு புக்கிங் வந்தது. பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி ஈஸ்வரமூர்த்தியும் அவர் சம்சாரம் கமலாத்தாளும். அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. ஜீப்பிலிருந்து கூடாரத்துக்கு நடக்கவே முனீஸ்வரனின் இடது தோள் வேண்டியிருந்தது.

"ஏனுங் தம்பி, சாகறதுக்குள்ள மேகத்துக்குள்ள ஒருக்கா உக்காந்து பாக்கோணும்னு ஆசைங்க," என்றார்.

"ஊட்ல போத்திக்கிட்டு உக்காந்தா ஆகாதாமா," என்றாள் கமலாத்தாள்.

அவர் சாயங்காலம் முழுக்க மேகத்துக்குள் உட்கார்ந்திருந்தார். இந்து அறுத்த விறகு அவருக்கு முன்னால் எரிந்தது. அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது.

*

விடியும்போது அந்தச் சத்தம் கேட்டது. முதலில் துணி கிழிவது போல. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் மலை ஒருதரம் குதித்தது. கூடாரத்தின் பக்கத்துக் குடிலில் அடுப்பின் மேல் இருந்த பாத்திரம் நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. இந்துவும் முனீஸ்வரனும் மழையில் தடத்தின் வளைவுக்கு ஓடினார்கள்.

வளைவில் நின்ற நாவல் மரம். போகிற வருகிற எல்லாரும் அதன் அடியில் ஜீப்பை நிறுத்தி நாக்கை ஊதாவாக்கிக்கொண்டு போன மரம். வேர்ப்பக்கம் ஒரு வீட்டுச் சுவர் மாதிரி செம்மண்ணோடு எழுந்து நின்றது. அறுந்த வேர்முனைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. தடி, பள்ளமாய் ஓடும் தடத்துக்கு மேலே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாலம் போலக் கிடந்தது. இந்து கட்டிப் பிடித்துப் பார்த்தாள். விரல்நுனிகள் மட்டும் அந்தப் பக்கம் தொட்டுக்கொண்டன. தடிக்குள் எதுவோ இன்னும் முனகிக்கொண்டிருந்தது. அவள் கன்னத்தை அதில் வைத்தபடி அசையாமல் நின்றாள்.

"கேக்கு மச்சான். உள்ள சத்தம் கேக்கு."

"பாரம் எறங்குது," என்றான் அவன். அந்த மரத்தை அவன் பார்த்த பார்வையில் திருப்பூர் பஸ் நின்றது.

விசயம் கேட்டதும் ஈஸ்வரமூர்த்தி தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். "நடந்தெல்லாம் எறங்க முடியாதுங் தம்பி. நாற்காலில வெச்சுத் தூக்கோணும்."

"தூக்க வேண்டாம்," என்றாள் இந்து. "வண்டியிலயே போவலாம். ஏறி உக்காருங்க."

ஜீப் மரத்துக்கு இந்தப் பக்கம், மேட்டில் தள்ளி வந்து நின்றது. ஈஸ்வரமூர்த்தியும் கமலாத்தாளும் முன்கண்ணாடி வழியாகச் சினிமா பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம், கீழே லயத்திலிருந்து முத்துப்பேச்சி கயிறும் கத்தியுமாக வந்து சேர்ந்திருந்தாள். கொப்பு ஒதுக்கினவருக்குத்தானே.

"ஏலே முனீசு, இத்தாம்பெரிய மரத்த அந்தச் சேவலு கொத்தவா போவுது?"

இந்து தலையில் ஹெல்மெட்டை மாட்டினாள். இழுத்தாள். நூல்மழையில் மிசின் கூவியது. தடியின் மேல் வைத்தாள். காலகாலமாக மலையில் எல்லாரும் வெட்டுக்கத்தியை எங்கே வைப்பார்களோ, அங்கேயே. மேலே. ஊதாவும் சிவப்பும் கலந்த மரத்தூள் அவள் பூட்ஸ் மேல் ஊற்றியது. பட்டை உள்ளே இறங்கியது. கைப்பிடியளவு, சாணளவு. முத்துப்பேச்சி கயிறைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஜீப்புக்குள் ஈஸ்வரமூர்த்தி கைதட்டுவது தெரிந்தது.

அப்போது மரம் வாயை மூடியது.

அப்படித்தான் இந்துவுக்குத் தோன்றியது. வெட்டுவாய் இறுகியது, சங்கிலி நின்றது, மிசின் விக்கி அணைந்தது. இழுத்தாள். அசையவில்லை. இரண்டு காலையும் தடியில் மிதித்து இழுத்தாள். பாறைக்குள் முளைத்தது மாதிரி நின்றது.

பாதி அறுந்த மரத்தில், பல்லில் மாட்டிய ஈர்க்குச்சி மாதிரி, சிவப்பு மிசின் தொங்கியது.

"கத்தின்னா சில்லு தெறிச்சு வழி விடும்," என்றாள் முத்துப்பேச்சி. "இது கீறல் மாதிரில்லா போவுது. மூடிக்கிடுச்சு."

"பாலம் மாதிரி கெடந்தா மேல வைக்கக் கூடாதுன்னு அவன் ஒரு வீடியோவுல சொன்னான் அத்தே." இந்துவுக்கு அழுகை வந்தது. "அது ரொம்ப நீளமா இருந்துச்சுன்னு நான் ஓட்டி விட்டுட்டேன்."

முனீஸ்வரன் கிட்டே வந்தான். மிசினைப் பார்க்கவில்லை. மரத்தையே பார்த்தான். குனிந்து அடிப்பக்கம் பார்த்தான். கரைக்குக் கரை கண்ணை ஓட்டினான். கையால் தடியின் நடுவயிற்றைத் தட்டினான்.

"உக்காந்துருச்சு," என்றான். "டயரு எறங்குனா வண்டி உக்காருமே, அந்த மாதிரி. நடுவுல பாரம் உக்காந்து கடிச்சிருக்கு."

"இப்ப என்ன செய்ய?"

அவன் ஜீப்புக்குப் போனான். சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியைத் திறந்து ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்தான்.

ஈஸ்வரமூர்த்தி தலையை வெளியே நீட்டினார். "ஏனுங் தம்பி, மரத்துக்குப் பஞ்சருங்களா?"

"ஆமாங்கய்யா."

"கிறுக்கா ஒனக்கு!" என்றாள் முத்துப்பேச்சி. "மரத்துக்கு ஜாக்கி வைக்கானாம்."

அவன் தடத்தில் தட்டைக்கல் பார்த்து அடுக்கச் சொன்னான். அடுக்கினார்கள். அதன் மேல் வண்டிச்சக்கரத்துக்கு அடைக்கிற மரக்கட்டை. அதன் மேல் ஜாக்கி. வெட்டுவாய்க்கு அடியில், கொஞ்சம் வேர்ப்பக்கம் தள்ளி வைத்தான். தலையைத் திருகித் திருகித் தடியின் அடியில் முட்ட வைத்தான். பிறகு, கரையோரம் ஒதுங்கி மண்டிபோட்டு, இடது கையால் கம்பியை ஏற்றி இறக்கத் தொடங்கினான்.

ஒன்றும் நடக்கவில்லை. கல் மண்ணுக்குள் அழுந்தியது. அவன் நிறுத்தவில்லை. ஏற்றினான், இறக்கினான். அவசரமே இல்லாத கை அது. ரோட்டோரத்தில் எத்தனையோ முறை செய்த வேலை.

முதலில் தண்ணீர் சொன்னது. தடியின் அடியில் சரமாகத் தொங்கிய மழைத்துளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உதிர்ந்தன. பிறகு மரம் சொன்னது, ஆழத்திலிருந்து ஒரு ஏப்பம் போல. எதிர்க்கரையில் கிளைகள் சலசலத்தன. முத்துப்பேச்சி பின்வாங்கினாள்.

"ஏ ஆத்தீ. எந்திரிக்குல."

எழுந்தது. மலை ஒருதரம் குதிக்க விழுந்த அந்த மரம், மண்டிபோட்ட ஒருவனின் ஒற்றைக் கைக்கு எழுந்தது. வெட்டுவாய் நூலளவு திறந்தது. கம்பி இறங்கியது. விரலளவு திறந்தது. உள்ளே சிவந்து நனைந்த மரச்சதை தெரிந்தது. நாவல்பழத்தின் துவர்ப்பு வாசனை குப்பென்று வந்தது. இந்துவுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. தாடிக்காரனின் எந்த வீடியோவிலும் அவள் இதைப் பார்த்திருக்கவில்லை.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க?" என்றான் முனீஸ்வரன். "மிசின எடு. கூடாரத்து முளைய அதுல அடி."

மிசின் தானாகவே கையோடு வந்தது. திறந்த வாயில் இரண்டு மரமுளைகளை அடித்து இறுக்கினாள். ஆனால் கயிறை இழுக்கக் கை ஒத்துழைக்கவில்லை. இழுத்து இழுத்து முழங்கைக்குக் கீழே விறைத்துவிட்டிருந்தது. மிசின் தரையில் நில்லாமல் வழுக்கியது.

முனீஸ்வரன் வந்து குனிந்தான். பின்கைப்பிடியில் காலை ஊன்றினான். முன்கைப்பிடியை வலது கையால் பிடித்து உடம்புப் பாரத்தை அதன் மேல் இறக்கினான். இழுக்காத கை அழுத்தும்.

"நா புடிச்சுக்கிடுதேன். நீ ரெண்டு கையாலயும் இழு."

அவள் இரண்டு கையாலும் இழுத்தாள். கூவியது.

அதற்குப் பிறகு அவள் அவனைக் கேட்டுக் கேட்டு அறுத்தாள். "மேலயா, கீழயா?" அவன் மரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொன்னான். இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. முதல் வெட்டு அறுந்ததும் தடியின் ஒரு முனை தொப்பென்று இறங்கித் தொங்கியது. "இனிமே தொங்குற சொமை. இந்தப் பக்கம் மேல வச்சே அறு, கடிக்காது," என்றான். கடிக்கவில்லை. ஜீப்பின் அகலத்துக்குக் கொஞ்சம் கூட இருந்த துண்டு தடத்தில் விழுந்தபோது, தெறித்த சேறு வண்டியின் முன்கண்ணாடி வரைக்கும் போனது. கயிறு கட்டி ஜீப்பால் இழுத்து ஓரம் சேர்த்தார்கள்.

மரத்தின் இரண்டு வெட்டுவாய்களுக்கும் நடுவே ஜீப் ஊர்ந்து போனது. வேர்முனைப் பக்கம் ஒன்று, கொப்புப் பக்கம் ஒன்று. அண்டா வாய் போல் இரண்டு சிவந்த வட்டங்கள். ஈஸ்வரமூர்த்தி வண்டியை நிறுத்தச் சொல்லி, கையை நீட்டி ஒரு வட்டத்தைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மேகம் பாக்க வந்தேனுங்க," என்றார். "மரம் எந்திரிக்கிறதப் பாத்துட்டுப் போறேன்."

"ஊட்டுக்குப் போனா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க," என்றாள் கமலாத்தாள். "ஜாக்கிங்கற பேச்சையே எடுக்காதீங்க."

*

அவர்களை உடும்பஞ்சோலையில் பஸ் ஏற்றிவிட்டு ஜீப் லயத்துக்குத் திரும்பியபோது மதியக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நாவல் கொப்புகள் ஏற்கனவே சுவரோரம் குவிந்திருந்தன. முனீஸ்வரன் கஞ்சிக்கு வரவில்லை. இந்து எட்டிப் பார்த்தாள்.

சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியை வெளியே எடுத்து வைத்திருந்தான். பழைய டியூபைக் கீறி வார் எடுத்தான். ஜாக்கியைத் துடைத்து ஒரு பக்கம் படுக்க வைத்தான். பக்கத்தில், பட்டைக்கு உறை போட்டு, மிசினை வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை. திருப்பி வைத்தான். பொருந்தியது. இரண்டையும் சேர்த்து வாரால் இறுக்கிக் கட்டி, அசைகிறதா என்று பெட்டியை உலுக்கினான். அசையவில்லை.

"பதினெட்டு இஞ்சா இருந்தா இந்தப் பொட்டிக்குள்ள எறங்கியிருக்காது," என்றான், யாரிடமும் சொல்லாதது மாதிரி.

இந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

முத்துப்பேச்சி கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.

"அப்ப திருப்பூரு?"

"திருப்பூர்ல என்னம்மா, மரமா விழுது?"

"பிச்சமணி அண்ணனுக்குப் பதில் சொல்லணுமே மச்சான்," என்றாள் இந்து. "பாறைக்குப் போறேன். என்னன்னு சொல்ல?"

மேலே, மஞ்சுக்குள், எங்கோ ஒரு கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. முனீஸ்வரன் தலையைத் தூக்கி, இன்ஜின் சத்தத்தைக் கேட்பதுபோல, காது கொடுத்துக் கேட்டான்.

"வழியில மரம் கெடக்கு, வர முடியாதுன்னு சொல்லு," என்றான்.